‘டாப் வெசல்டன்’ என்றால் என்ன? பழைய வைர மதிப்பீட்டுச் சீட்டுகளைப் படிக்கும் முறை

வங்கிப் பெட்டகத்தைத் திறந்து பரம்பரை நகைகளை வெளியே எடுக்கும்போது, அவற்றோடு மடித்து வைத்த பழுப்பேறிய தாள் ஒன்றும் பல குடும்பங்களில் வெளிவருகிறது. பாட்டனார் காலத்து வைர வணிகரோ, வரிக் கணக்குக்காக அமர்த்தப்பெற்ற மதிப்பீட்டாளரோ எழுதிக் கொடுத்த சீட்டு அது. தங்கத்தின் எடையும் கற்களின் எண்ணிக்கையும் எவருக்கும் எளிதில் விளங்கும். வைரத்தின் தரம் எழுதப்பட்ட வரியில்தான் வாசிப்பவர் நின்றுவிடுகிறார். ‘டாப் வெசல்டன்’, ‘புளூ ஜாகர்’, ‘கமர்ஷியல் ஒயிட்’, ‘பீக்கே’ போன்ற சொற்கள் இன்றைய நகைக்கடை ரசீதுகளில் இல்லை. இன்றைய சான்றிதழ்களில் உள்ள ஆங்கில எழுத்துத் தரங்கள் அந்தச் சீட்டில் இல்லை.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. தாய் விட்டுச் சென்ற நகைகளை இரு சகோதரிகள் பங்கிட்டுக்கொள்ள அமர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம், ஏழு கல் வைரத்தோடு ஒரு சோடி. 1962-ஆம் ஆண்டுச் சீட்டு அதனை ‘14 கற்கள், மொத்தம் 2.10 காரட், டாப் வெசல்டன், கிளீன்’ என்கிறது. மறுபக்கம், ஒற்றைக் கல் மோதிரம். 1994-ஆம் ஆண்டின் ஆய்வகச் சான்றிதழ் அதன் வைரத்தை ‘1.00 காரட், எச் நிறம், வி.எஸ்.2 தெளிவு’ என்கிறது. எடையில் தோடு இருமடங்குக்கும் மேல். ‘டாப்’ என்ற சொல் உயர்வாக ஒலிக்கிறது. ‘எச்’ என்பதோ ஆங்கில அகரவரிசையில் எட்டாவது எழுத்து. தோட்டைப் பெறுபவர் மோதிரத்தைப் பெறுபவருக்குப் பணம் தர வேண்டும் என்று எளிதில் முடிவாகிவிடும். அந்த முடிவு தலைகீழாகவும் இருக்கக்கூடும் என்பதே இக்கட்டுரை சொல்ல வருவது.

சுரங்கத்தின் பெயர் தரத்தின் பெயரானது

1720-களில் பிரேசிலில் வைரம் கண்டறியப்படும் வரை, உலகச் சந்தைக்குச் சென்ற வைரங்களில் மிகப் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தே சென்றது. 1860-களின் இறுதியில் தென்னாப்பிரிக்காவில் வைரங்கள் கிடைக்கத் தொடங்கிய பிறகு, குவியல் குவியலாக வந்த கற்களை இலண்டனிலும் ஆன்ட்வெர்ப்பிலும் இருந்த வணிகர்கள் நிறம் பார்த்துப் பிரிக்க வேண்டியிருந்தது. அதற்கு அவர்கள் கையாண்ட பெயர்கள் பெரும்பாலும் ஊர்ப் பெயர்களும் சுரங்கப் பெயர்களுமே. ஆற்றுப் படுகைகளில் கிடைத்த கற்கள் மிகவும் வெண்மையாக இருந்ததால் உச்ச நிறம் ‘ரிவர்’ எனப்பட்டது. கிம்பர்லி நகரை அடுத்த வெசல்டன் சுரங்கத்தின் நல்ல கற்களை வைத்து ‘டாப் வெசல்டன்’, ‘வெசல்டன்’ என்ற படிகள் ஏற்பட்டன. அவற்றுக்குக் கீழே ‘டாப் கிரிஸ்டல்’, ‘கிரிஸ்டல்’ ஆகியவையும், மஞ்சள் சாயல் கண்ணுக்குத் தெரியும் நிலையில் ‘டாப் கேப்’, ‘கேப்’ ஆகியவையும் வந்தன. கேப் என்பது நன்னம்பிக்கை முனையைச் சார்ந்த குடியேற்றப் பகுதியின் பெயர். அங்கிருந்து வந்த கற்களில் பல மஞ்சளாக இருந்தமையால், பாவம், அந்நாட்டின் பெயரே மஞ்சளுக்குப் பெயராகிவிட்டது.

நாளடைவில் இப்பெயர்கள் பிறப்பிடத்தைக் குறிப்பதை விட்டு நிறத்தை மட்டும் குறிக்கலாயின. ‘வெசல்டன்’ என்று எழுதப்பட்ட கல் வெசல்டன் சுரங்கத்தைக் கண்டிராத கல்லாகவும் இருக்கலாம். ‘கோல்கொண்டா வைரம்’ என்று குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் கற்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். கோல்கொண்டா சந்தையாகவும் கோட்டையாகவும் இருந்த இடம். கற்கள் எடுக்கப்பட்டது கிருஷ்ணையாற்றங்கரையில் கொல்லூர் முதலிய ஊர்களில். சீட்டில் அப்பெயர் இருப்பதனாலேயே கல்லின் பிறப்பிடம் உறுதியாகிவிடாது.

இன்று பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட எழுத்து வரிசையோடு ஒப்பிட்டால், ரிவர் என்பது ஏறத்தாழ டி, ஈ ஆகிய நிறங்களுக்கும், டாப் வெசல்டன் எஃப், ஜி நிறங்களுக்கும், வெசல்டன் எச் நிறத்துக்கும் நிகராகும். டாப் கிரிஸ்டல், கிரிஸ்டல் ஆகியவை ஐ, ஜே நிறங்களை ஒட்டியும், டாப் கேப், கேப் ஆகியவை கே முதல் என் வரையிலும் அமையும். ஆங்கிலேயரின் வழக்கத்தைப் பின்பற்றிய சீட்டுகளில் இதே படிகள் ‘ஃபைனஸ்ட் ஒயிட்’, ‘ஃபைன் ஒயிட்’, ‘ஒயிட்’, ‘கமர்ஷியல் ஒயிட்’ என்று இறங்கி, ‘சில்வர் கேப்’, ‘கேப்’ என முடியும். இவற்றுள் ‘கமர்ஷியல் ஒயிட்’ மிகப் பலரை ஏமாற்றும் பெயர். வெண்மை என்று பெயரில் இருந்தாலும், அது ஐ நிறத்தை ஒட்டிய, மிக மெல்லிய சாயலுள்ள கல்லையே குறித்தது.

நிகர் சொன்னபின், அந்த நிகரை நம்பிப் பங்கு பிரிக்க வேண்டா என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒப்பீடு ஏன் தவறிப்போகிறது

முதற்காரணம், பொது அளவுகோல் இல்லாமை. நிறத்தைக் கண்ணால் தனியே அளக்க இயலாது. ஏற்கெனவே தரம் உறுதி செய்யப்பட்ட கற்களின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் படி தெரியும். இன்றைய ஆய்வகங்கள் இதற்கென ஒப்பீட்டுக் கற்களின் தொகுதியை வைத்திருக்கின்றன. அக்காலத்தில் ஒவ்வொரு வணிகரும் தம் நினைவையும் பழக்கத்தையும், மிஞ்சிப்போனால் தம் பெட்டியில் இருந்த இரண்டொரு கற்களையும் கொண்டே தீர்மானித்தார். மும்பை ஜவேரி பஜாரில் ஒருவர் ‘டாப் வெசல்டன்’ என்ற கல்லைக் கொல்கத்தாவில் மற்றொருவர் ‘வெசல்டன்’ என்றிருக்கலாம். இருவரும் பொய் சொல்லவில்லை. பின்னர் 1970-ஐ ஒட்டி ஸ்காண்டிநேவிய நாடுகளின் வணிகர்கள் இப்பெயர்களுக்குத் திட்டமான வரையறை தந்தனர். அவ்வரையறைப்படி ஐரோப்பாவில் எழுதப்பட்ட சீட்டு வேறு. பழக்கத்தால் நம் நாட்டில் எழுதப்பட்ட சீட்டு வேறு.

இரண்டாவது, பார்க்கும் முறை. இன்றைய ஆய்வாளர் கல்லைக் கவிழ்த்து வைத்து, வெண்ணிறப் பின்புலத்தில், அதன் அடிப்பாகத்தின் வழியே நிறத்தைப் பார்க்கிறார். மேலிருந்து பார்த்தால் பட்டைகளின் ஒளிவீச்சு மெல்லிய மஞ்சளை மறைத்துவிடும். நம் பழைய மதிப்பீட்டாளர்களோ நகையில் பதித்த கல்லையே பார்த்தார்கள். தென்னிந்தியத் தோடுகளிலும் மூக்குத்திகளிலும் கல்லின் பின்புறம் தங்கத்தால் மூடப்பட்டிருக்கும். தங்கத்தின் மஞ்சள் கல்லுக்குள் ஏறி அதன் நிறத்தைக் குறைத்துக் காட்டலாம். கல்லின் அடியில் பளபளக்கும் மெல்லிய தகடு வைத்திருந்தால் உள்ளதைவிட வெண்மையாகவும் காட்டலாம். எப்படியாயினும் அது கல்லின் சொந்த நிறம் அன்று.

மூன்றாவது காரணம்தான் சுவையானது. நம் இல்லங்களில் ‘புளூ ஜாகர்’ என்ற சொல்லுக்கு உள்ள மதிப்பு சொல்லி மாளாது. பெண்ணுக்குப் போட்ட தோடு புளூ ஜாகர் என்று சொல்வதிலேயே ஒரு பெருமிதம் உண்டு. ஜாகர் என்பது தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டெயின் சுரங்கத்தின் பெயர்ச் சுருக்கம். 1893-இல் 995 காரட்டுக்கு மேல் எடையுள்ள ‘எக்செல்சியர்’ வைரம் கிடைத்த அதே சுரங்கம் அது; 1971-இல் மூடப்பட்டது. அங்கு கிடைத்த சில உயர்ந்த கற்கள் வெண்மையோடு மெல்லிய நீல ஒளியும் வீசின. கதிரவன் ஒளியிலுள்ள புறஊதாக் கதிர் படும்போது சில வைரங்கள் நீலமாக ஒளிர்வதே இதற்குக் காரணம். இந்தப் பண்பு ஜாகர்ஸ்ஃபோன்டெயின் கற்களுக்கு மட்டும் உரியதன்று. எல்லா நாட்டு வைரங்களிலும் ஒரு பகுதியில் காணப்படுகிறது.

நீலம் மஞ்சளுக்கு எதிர் நிறம். ஆகவே சற்று மஞ்சளான கல்லும், நீல ஒளிர்வு மிகுந்திருந்தால், பகல் வெளிச்சத்தில் வெள்ளை வெளேரென்று தோன்றும். மாலையில் விளக்கடியில் பார்த்தால் சாயல் வெளிப்படும். வடக்கு நோக்கிய சாளரத்தின் பகல் வெளிச்சத்தில் வைரம் பார்ப்பதே வணிகர் மரபாக இருந்தமையால், இத்தகைய கற்கள் உரிய படிக்கு மேலே ஏறி அமர்ந்தன. ‘புளூ ஒயிட்’ என்ற சொல் வெளிநாடுகளிலும் இவ்வாறே அளவின்றி வழங்கியதால், 1938-இலேயே அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் அதற்குக் கட்டுப்பாடு விதித்தது: நீலமல்லாத வேறு சாயல் உள்ள கல்லை அப்பெயரால் விற்றல் கூடாது. இக்காலச் சான்றிதழில் நிறம் ஓரிடத்திலும், ஒளிர்வு ‘இல்லை’ முதல் ‘மிக வலிது’ வரை வேறோரிடத்திலும் தனித்தனியே குறிக்கப்படுகின்றன. பழைய ஒற்றைச் சொல் இரண்டையும் கலந்து சொன்னது. அச்சொல் எழுதிய கல் உண்மையிலேயே உயர்ந்த வெண்மை உடையதாக இருக்கலாம். நீல ஒளிர்வால் அழகுற்ற ஜே நிறக் கல்லாகவும் இருக்கலாம். சீட்டைப் படித்து அறிய வழியில்லை.

டி என்ற எழுத்தில் தொடங்கும் வரிசை

இக்குழப்பத்தைத் தீர்க்க முயன்றது, 1931-இல் ராபர்ட் ஷிப்லி நிறுவிய அமெரிக்க ரத்தினவியல் கழகமான ஜி.ஐ.ஏ. ரிச்சர்ட் லிடிகோட் தலைமையில் அக்கழகம் 1953-இல் நிறத்துக்கும் தெளிவுக்கும் வகுத்த வரிசையே இன்று உலகெங்கும் வழங்குகிறது. 1955-இல் முதல் தரச் சான்றிதழ்கள் வெளிவந்தன. நிற வரிசை டி-யில் தொடங்கி இசட்-டில் முடிகிறது. ஏ, பி, சி ஆகிய எழுத்துகளை வணிகர்கள் ஏற்கெனவே தத்தம் விருப்பப்படி பயன்படுத்தி வந்தார்கள். ‘ஏ தரம்’ போதாமல் ‘டபுள் ஏ’ என்றும் சிலர் எழுதினர். பழைய பொருளின் நிழல் படாத எழுத்து வேண்டும் என்பதற்காகவே டி தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆகவே ‘எச்’ என்பது எட்டாவது படி அன்று, ஐந்தாவது படி. நகையில் பதித்தபின் பெரும்பாலோர் கண்ணுக்கு வெண்மையாகவே தோன்றும் நிறம் அது.

உங்கள் குடும்பச் சீட்டில் ‘ஏ கிரேடு’, ‘டபுள் ஏ’ என்று இருந்தால், அதை எழுதியவரின் சொந்த வரிசை என்பதற்கு மேல் அதில் பொருள் காண முயல வேண்டா.

அமெரிக்காவிலுள்ள உறவினரிடமிருந்து வந்த நகைகளில் வேறொரு வகைச் சீட்டு இருக்கலாம். 1934-இல் தோன்றிய அமெரிக்க ரத்தினச் சங்கமான ஏ.ஜி.எஸ். எண்களால் தரம் குறித்தது; பூச்சியமே உச்சம், பத்து கடைசி. நிறத்தில் 0 என்பது டி. 2 என்பது எச். தெளிவில் 0 என்பது மாசற்றது. 4 என்பது வி.எஸ்.2. பூச்சியத்தைக் கண்டு மதிப்பில்லாத கல் என்று எண்ணியவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். அச்சங்கத்தின் ஆய்வகம் 2022 இறுதியில் பணியை நிறுத்திவிட்டது. அதன் பழைய சான்றிதழ்கள் மட்டும் புழக்கத்தில் உள்ளன.

‘கிளீன்’ என்றால் எவ்வளவு தூய்மை?

கல்லின் உட்குறைகளுக்குப் பெயரிடும் வழக்கம் நம்மிடையே மிகப் பழையது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில், மதுரையின் இரத்தினக் கடைத்தெருவைக் காட்டுமிடத்தில், நல்ல வைரத்துக்கு இருக்கலாகாத குற்றங்களாகக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்ற நான்கு பேசப்படுகின்றன. காக்கைக் காலின் வடிவில் ஓடும் வெடிப்பு, கறை, புள்ளி, கீற்று என்று அவற்றை இன்றைய மொழியில் சொல்லலாம். இக்கால ஆய்வாளர் தம் வரைபடத்தில் குறிக்கும் குறைகளும் ஏறத்தாழ இவையே. கண்டறியும் கருவியும், குறையின் அளவைப் படிப்படியாகப் பகுப்பதும்தான் புதியவை.

வைரத்தை வீட்டில் சில நாள் வைத்துப் பார்த்து வாங்கும் வழக்கமும் இந்த மரபிலிருந்தே வருகிறது. ஒரு பழைய சீட்டில் ‘தோஷமற்றது’ என்று காணப்பட்டால், அது இத்தகைய குறிப்பிட்ட குற்றங்கள் இல்லை என்ற உறுதிமொழி. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸின் கீழ் எதுவும் தென்படவில்லை என்ற அறிக்கை அன்று. ‘கிளீன்’, ‘ஐ கிளீன்’ ஆகியவை பெரும்பாலும் வெறுங்கண்ணுக்கு மாசு தெரியாத கல்லைக் குறித்தன. இன்றைய வரிசையில் அத்தகைய கல் வி.எஸ். ஆகவும் இருக்கலாம்; எஸ்.ஐ. ஆகவும் இருக்கலாம். ‘லூப் கிளீன்’ என்பது லென்ஸில் பார்த்தும் மாசில்லாதது என்று பொருள்படும் உயர்ந்த சொல். அதைச் சொன்னவரிடம் எத்தகைய லென்ஸ் இருந்தது என்பதுதான் கேள்வி. ‘பர்ஃபெக்ட்’ என்ற சொல்லை விளம்பரச் சொல்லாகவே கொள்ளலாம். ‘பீக்கே’ என்பது பிரெஞ்சுச் சொல்; உள்ளே குறை உண்டு என்று பொருள். பீக்கே 1, 2, 3 ஆகியவை ஏறத்தாழ இன்றைய ஐ1, ஐ2, ஐ3 படிகளை ஒக்கும்.

இவ்விடத்தில் இக்காலத்தைப் பற்றியும் ஒரு சொல். ‘ஈ-எஃப், வி.வி.எஸ்.’ என்று கடையின் பில்லில் மட்டும் எழுதி, ஆய்வகச் சான்றிதழ் தராமல் விற்கப்படும் நகைகள் இன்றும் உண்டு. எழுத்துகள் புதியவை, உறுதி பழைய சீட்டின் அளவே.

எடையும் பட்டையும்

ஒரு காரட் இன்று 200 மில்லிகிராம். 1907-இல் அனைத்துலக எடை அளவுகள் மாநாடு இதனை ஏற்றது. அமெரிக்கா 1913-இலும் பிரிட்டன் 1914-இலும் கைக்கொண்டன. அதற்கு முன் ஆங்கிலேயரின் காரட் ஏறத்தாழ 205 மில்லிகிராம். முதல் உலகப் போருக்கு முந்தைய சீட்டில் ஒரு காரட் என்று இருக்கும் கல், இன்று நிறுத்தால் இரண்டு மூன்று சென்ட் கூடுதலாகக் காட்டும். கல் மாறிவிட்டதோ என்று அஞ்ச வேண்டியதில்லை. ரத்திக் கணக்கில் எழுதிய வட இந்தியச் சீட்டுகளில் நிலை இன்னும் சிக்கல். நகைத் தொழிலில் வழங்கிய ரத்தியே ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகளை உடையது. எந்த ரத்தி என்று எழுதாத சீட்டிலிருந்து எடையைக் கணக்கிட முயல்வது வீண்.

பதித்த கல்லைத் தராசில் நிறுக்க முடியாது. விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, அதனை ஆழத்தாலும் 0.0061 என்ற எண்ணாலும் பெருக்கினால், இக்கால வட்டவடிவ வைரத்தின் எடை ஏறத்தாழக் கிடைக்கும். 6.5 மில்லிமீட்டர் விட்டமும் 3.95 மில்லிமீட்டர் ஆழமும் உள்ள கல் ஒரு காரட்டுக்குச் சற்று மேல் வரும். பின்புறம் மூடிய தோட்டில் ஆழம் தெரியாது. அங்கே மதிப்பீட்டாளர் எழுதுவது அனுபவ ஊகமே. அதோடு பழைய கற்களின் பட்டை வேறு. சதுரம் கலந்த வட்டமும் உயர்ந்த முடியும் ஆழமான அடியும் உடையவை அவை. விட்டத்தை மட்டும் பார்த்து எழுதிய எடை உண்மையைவிடக் குறைவாகவே இருந்திருக்கலாம்.

பட்டையின் தரம் பற்றிப் பழைய சீட்டுகள் பெரும்பாலும் பேசுவதில்லை. பட்டைகளின் கோணங்கள் ஒளிவீச்சை எவ்வாறு தீர்மானிக்கின்றன என்று மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919-இல் கணக்கிட்டுக் காட்டினார். ஜி.ஐ.ஏ. பட்டைக்குத் தனித்தரம் வழங்கத் தொடங்கியதோ 2006-இல்தான். அதுவும் வட்டவடிவக் கற்களுக்கு மட்டும். ‘பெல்ஜியம் கட்டிங்’ என்று நம் ஊர்களில் பெருமையாகச் சொல்வது வேலைப்பாட்டின் மரபைக் குறிக்கும் பெயர்; தரவரிசையில் அதற்கு இடமில்லை. பழைய பட்டையுள்ள கல்லைப் புதிய வடிவில் மீண்டும் செதுக்கித் தருவதாக எவரேனும் சொன்னால் உடனே இசைய வேண்டா. செதுக்கும்போது எடை குறையும். பழைய பட்டையை அதன் அழகுக்காகவே தேடி வாங்குவோர் இன்று உலகெங்கும் உள்ளனர்.

சிறிய எச்சரிக்கை ஒன்று. 1970-களின் பிற்பகுதிக்குப் பிந்தைய சீட்டில் ‘அமெரிக்கன் டைமண்ட்’ அல்லது ‘ஏ.டி.’ என்று இருந்தால் அது வைரமே அன்று, சிர்கோனியக் கல்.

எந்த நோக்கத்துக்காக எழுதிய மதிப்பு?

சீட்டின் அடியில் உள்ள ரூபாய்த் தொகையைப் பார்க்குமுன் அது எதற்காக எழுதப்பட்டது என்று பாருங்கள். நம் நாட்டுக் குடும்பங்களிலுள்ள பழைய மதிப்பீடுகளில் பல, 1957-ஆம் ஆண்டுச் செல்வவரிச் சட்டத்துக்காகத் தயாரானவை. அவ்வரி 2016-17 மதிப்பீட்டு ஆண்டு முதல் நீக்கப்பட்டுவிட்டது. வரி செலுத்துவோர் சார்பில் எழுதப்பட்ட மதிப்பு அடக்கமாகவே இருந்திருக்கும் என்று கொள்வது நியாயம். காப்பீட்டுக்காக எழுதியதோ, அதே போன்ற நகையைக் கடையில் மீண்டும் வாங்க ஆகும் விலையைக் கணக்கிடும். அது விற்கும்போது கைக்கு வரும் தொகையைவிட மிகுதி. ஒரே தோட்டுக்கு ஒரே நாளில் மூன்று நோக்கங்களுக்காக மூன்று மதிப்புகள் எழுதப்படுவதில் முரண்பாடு எதுவும் இல்லை.

வங்கியோடு தொடர்புடைய செய்திகள் சில. தங்க நகைக் கடனில் தங்கத்தின் மதிப்பு மட்டுமே கணக்கில் கொள்ளப்படும். கற்களின் எடை கழிக்கப்படும். சீட்டில் வைரத்துக்கு எவ்வளவு உயர்ந்த தரம் எழுதியிருந்தாலும் கடன் தொகை அதனால் கூடாது. பெட்டகத்தில் உள்ள பொருள் என்னவென்று வங்கி அறியாது. வங்கி அதனைக் காப்பீடு செய்வதும் இல்லை. இந்திய ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, தீ, திருட்டு, கட்டடம் இடிதல், ஊழியரின் மோசடி போன்ற நிகழ்வுகளில் வங்கியின் பொறுப்பு பெட்டகத்தின் ஓராண்டு வாடகையைப் போல் நூறு மடங்கு என்ற அளவில் நிற்கும். பரம்பரை வைரங்களுக்குத் தனிக் காப்பீடு எடுப்போர், பழைய சீட்டின் தொகையை வைத்து எடுத்தால் இழப்பின்போது பெறுவது மிகக் குறைவாக இருக்கும். நகையை விற்கும் எண்ணம் இருந்தால் மற்றொன்றும் நினைவிற்கொள்க: 1.4.2001-க்கு முன் குடும்பத்துக்கு வந்த நகைக்கு, அந்நாளில் இருந்த சந்தை மதிப்பை அடக்கவிலையாகக் கொள்ள வருமானவரிச் சட்டம் இடம் தருகிறது. அம்மதிப்பை நிறுவப் பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை துணைசெய்யும். அதை எழுதும் மதிப்பீட்டாளருக்குப் பழைய சீட்டு பயன்படும்.

இரு சகோதரிகளிடம் திரும்புவோம்

தோட்டின் மொத்த எடை 2.10 காரட் என்பது பதினான்கு சிறு கற்களின் கூட்டு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 15 சென்ட். வைரத்தின் விலை எடைக்கேற்ப நேராக ஏறுவதில்லை. கல் பெரிதாகப் பெரிதாகக் காரட் ஒன்றுக்கான விலையே உயர்ந்துகொண்டு போகும். ஆகவே ஒரு காரட் ஒற்றைக் கல், இரண்டு காரட் சிறு கற்களைவிட மதிப்பு மிக்கதாக இருக்கலாம். தோட்டின் ‘டாப் வெசல்டன்’ 1962-இல் ஒருவர் பகல் வெளிச்சத்தில், மூடிய பதிப்பில் பார்த்துச் சொன்ன கருத்து. மோதிரத்தின் ‘எச்’ கல்லைத் தனியே எடுத்து, ஒப்பீட்டுக் கற்களோடு வைத்துக் கண்ட முடிவு. ஆனால் அதற்கும் முப்பது ஆண்டு ஆகிவிட்டது. இடையில் விளிம்பு உடைந்திருக்கலாம், கல் மாற்றப்பட்டிருக்கலாம். சான்றிதழில் உள்ள மில்லிமீட்டர் அளவுகளும் குறைகளின் வரைபடமும் கல்லோடு பொருந்துகின்றனவா என்பதே முதலில் பார்க்க வேண்டியது.

அவர்கள் செய்யத்தக்கது, இரண்டு நகைகளையும் ஒரே நாளில் ஒரே மதிப்பீட்டாளரிடம், ஒரே நோக்கத்தைச் சொல்லி ஒப்படைப்பது. ‘குடும்பப் பங்கீட்டுக்கு, இன்று விற்றால் கிடைக்கும் மதிப்பு’ என்று எழுத்தில் கேட்கலாம். நகையை வாங்கிக்கொள்ள முன்வரும் கடைக்காரரே மதிப்பீட்டாளராகவும் இருப்பதைத் தவிர்ப்பது நல்லது. மதிப்பீட்டாளர் தோட்டின் நிறத்தை ‘எச் முதல் ஜே வரை’ என்று இடைவெளியோடு எழுதினால் அதனைக் குறையாக எண்ண வேண்டா. பதித்த கல்லுக்கு அவ்வாறு எழுதுவதே நேர்மை. ஒற்றை எழுத்தில் துணிந்து சொல்பவரிடம்தான் காரணம் கேட்க வேண்டும்.

கற்களைப் பிரித்தெடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாமா? தனிக்கல்லுக்கு மட்டுமே ஜி.ஐ.ஏ. முழுத் தரச் சான்றிதழ் தருகிறது. மோதிரக் கல்லைக் கழற்றுவது எளிது, தகும். மூடிய பதிப்பில் உள்ள பதினான்கு கற்களைப் பிரித்தால் தோட்டின் பழைய வேலைப்பாடு சிதையும். கல் உடையும் அபாயமும் உண்டு. பதினைந்து சென்ட் கற்களுக்கு அந்தச் செலவும் இழப்பும் தேவையில்லை என்பதே என் கருத்து. நடுக்கல் அரைக் காரட்டுக்கு மேற்பட்ட தோடாக இருந்தால் கணக்கு மாறும்.

புதிய அறிக்கை வந்தபின் பழைய சீட்டைக் கிழித்தெறிய வேண்டா. தரம் சொல்வதில் அது தளர்ந்திருந்தாலும், இந்த நகை இந்த ஆண்டில் இந்தக் குடும்பத்தில் இருந்தது என்பதற்கு அதுவே சான்று. இயற்கை வைரமா, ஆய்வகத்தில் வளர்த்த வைரமா என்ற ஐயம் எல்லாக் கற்கள் மீதும் எழும் இக்காலத்தில், 1962 என்ற தேதியும் கற்களின் எண்ணிக்கையும் அளவும் எழுதிய தாளுக்குத் தனி மதிப்பு உண்டு. நகையிலுள்ள கல் அன்றைய கல்தானா என்பதைக் கருவியால் உறுதி செய்துகொள்ளலாம். தாளைப் பிளாஸ்டிக் உறையில் ஒட்டி லேமினேட் செய்யாமல், இருபுறமும் படமெடுத்து வைத்துக்கொண்டு, மூலத்தைக் காகித உறையிலிட்டு நகையோடு பெட்டகத்திலும், படியைப் புதிய அறிக்கையோடு வீட்டிலும் வையுங்கள். உறையின் மேல் நகையின் பெயரையும் அது யார் வழியாக வந்தது என்பதையும் எழுதிவிட்டால், அடுத்து அந்தப் பெட்டகத்தைத் திறப்பவர் எந்தத் தாள் எந்த நகைக்கு உரியது என்று தேட வேண்டியிராது.